ஆவுடையப்பனுக்கு அடுத்த மேஜை

இரண்டாவது அப்பா என்று சொல்லிவிட்டான் இவனும். இதோடு நான்கு பேர். பத்தரை மணியிலிருந்து இந்த மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன், கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வான், நான்கு பேருக்கு ஆவுடையப்பன் இரண்டாவது அப்பா, பாளையங்கோட்டையில் டாக்டராக இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பெற்ற அப்பாவுக்கும் ஒரு படி மேலே, அவள் அதைச் சொன்னபோது அவளைப் பெற்றவர் ஆறாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார், எப்படித்தான் தட்ட முடிந்ததோ அவருக்கு. படத்தில் ஆவுடையப்பன் சிரிக்கிறான். வெளியே பேசும்போது அவர், இவர், சார் என்பேன், மனசுக்குள் எப்போதும் அவன்தான், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவனை வேறெப்படி நினைப்பது. ரோஜா மாலை கழுத்தை மறைத்துக்கொண்டு கிடக்கிறது, சட்டைப்பையில் குத்தியிருக்கும் சிவப்புப் பேனா மட்டும் தெரிகிறது. கூரைத் தகரத்தில் சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது. ஆடி மாதத் தென்காசியில் ஒரு இரங்கல் கூட்டம் நடத்தியும் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள், நனைந்த செருப்பெல்லாம் வாசலில் மலையாகக் கிடக்கிறது, நான் போனால் எத்தனை செருப்பு கிடக்கும், சீ, என்ன நினைப்பு இது. ஆனால் எத்தனை கிடக்கும். மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் என் மகன் திருமலை உட்கார்ந்திருக்கிறான். கைக்குட்டையை நான்காக மடித்துக் கண்ணில் அழுத்தி எடுக்கிறான், மறுபடி அழுத்துகிறான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. புனேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார், மூன்று நாள் விடுப்பு. எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு தடவை போன் செய்தான். கல்லூரியில் பரீட்சை நேரம் என்றான், இருக்கும், நானும் வாத்தியாராக இருந்தவன், பரீட்சை என்றால் என்னவென்று தெரியும். அவன் அம்மாவை எடுத்த அன்றைக்கு என்னோடு நின்று எல்லாம் செய்தான், கண்ணில் ஒரு சொட்டு நான் பார்க்கவில்லை. இன்றைக்கு மடித்து மடித்து அழுத்துகிறான். அந்தக் கைக்குட்டையைப் பார்க்காதே, படத்தைப் பார். படத்தையும் பார்க்க முடியவில்லை.

இருபத்தெட்டு வருஷம் அடுத்தடுத்த மேஜை. ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் அவன், அவனுக்கு அடுத்து நான், ஜன்னல் வழியாக வருகிற காற்றும் வெளிச்சமும் அவனைத் தொட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும், பிள்ளைகளும் அப்படித்தான். இடைவேளை மணி அடித்ததும் வாசலில் நான்கு தலை தெரியும். "சார் இருக்காங்களா?" என்று கேட்கும். நான் அங்கேதான் இருப்பேன், வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் சார் என்றால் அவன். கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து குதித்து இறங்குவார்கள், என்னைப் பார்த்தால் சந்துக்குள் திருப்புவார்கள். பிறகு வளர்ந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருவார்கள், அவனுக்குத் தாம்பாளத்தில் வைத்து, காலில் விழுந்து, அப்புறம் நிமிர்ந்து பார்க்கையில் நான் கண்ணில் பட்டுவிடுவேன், பைக்குள் கைவிட்டுத் துழாவிப் பெயர் எழுதாத ஒரு பத்திரிகையை எடுத்து, அங்கேயே பேனா வாங்கி, "சார், உங்க இனிஷியல்?" என்பார்கள். பேனாவை அவன்தான் கொடுப்பான், அந்தச் சிவப்புப் பேனாவை. என் வகுப்பும் அவன் வகுப்பும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி உண்டு, அங்கே பேசுவது இங்கே கேட்கும். சரித்திரத்தில் படையெடுப்பு நடத்தும்போது அவன் இரண்டு கையாலும் மேஜையைத் தட்டுவான், டக்கடக் டக்கடக் என்று குதிரைகள் மதுரையை நோக்கி வந்துகொண்டிருக்கும், நான் இந்தப் பக்கம் ஒருங்கமை சமன்பாடு போட்டுக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து நிற்பேன், திரும்பினால் என் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தபடியே சுவருக்கு அந்தப் பக்கம் போயிருப்பார்கள். கண் இங்கே இருக்கும், காது அங்கே. அவன் ஏதோ சொல்வான், அங்கே சிரிப்பார்கள், இங்கேயும் சிரிப்பார்கள். யாரை அடிப்பது, சிரித்தவனையா, சுவரையா. ஒருநாள் அவன் குதிரைகள் வைகைக் கரையில் நின்றுவிட்டன, மணி அடித்துவிட்டது, மறுநாள் அவன் விடுப்பு, மனைவிக்கு உடம்பு சரியில்லை. அன்றைக்கு நானே அந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், குதிரைகள் என்ன ஆயின என்று தெரிந்துகொள்ள. புத்தகத்தில் ஒன்றரை வரி. இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி செண்பகத்திடம்கூடச் சொன்னதில்லை.

சட்டைப்பையில் காகிதம் இருக்கிறது. பன்னிரண்டு வரி. குறித்த நேரத்துக்குப் பள்ளிக்கு வருபவர், எளிமையானவர், பழகுவதற்கு இனியவர். இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் எழுதாத வரிகளும் பையில்தான் இருக்கின்றன, அவைதான் சுடுகின்றன. அவன் ஒரு வருஷமாவது பாடத்திட்டத்தை ஒழுங்காக முடித்திருக்கிறானா? குதிரையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி முடியும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் மேஜைப் பக்கம் சாய்ந்து, "வே, உம்ம பீரியடு ரெண்டு குடும்வே, காந்தி இன்னும் ஆப்பிரிக்காவிலேயே நிக்காரு," என்பான். கொடுப்பேன். என் பாடத்தை ஜனவரியிலேயே முடித்துவிட்டுத் திருப்புதல் நடத்திக்கொண்டிருப்பேன், நான் கொடுத்த மணிநேரத்தில்தான் அவன் காந்தியைக் கப்பலேற்றுவான். கணக்கில் தொண்ணூற்றாறு சதவீதம் தேர்ச்சி காட்டினேன், மாவட்டத்தில் இரண்டாவது, அதைப் பற்றி இன்று யாராவது பேசுகிறார்களா. இப்போது பேசுகிறவன், போலீஸில் ஆய்வாளர், என்னிடமும்தான் படித்தான், வட்டம் வரையத் தெரியாது, விடுமுறை நாளில் வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மேடைக்கு வந்தவன் என்னைப் பார்த்து, "நம்ம... கணக்கு சார்," என்று கும்பிட்டான். பெயர் வரவில்லை அவனுக்கு. குத்தாலிங்கம்டா. கு, த்.

அது போகட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், பிள்ளைகள் யாரை வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள்ளும் அவன் வந்து உட்கார்ந்தானே அதுதான். அவன் மனைவி உலகம்மை மதினிக்கு முப்பது வயதிலேயே மூட்டுவாதம், விரல்களெல்லாம் கொடி மாதிரி மடங்கிவிட்டன. நான்கு மணி மணி அடித்தால் நான்கு பத்துக்கு அவன் சைக்கிளில் இருப்பான், தலைமையாசிரியர் கூட்டம் போட்டாலும் இருக்கமாட்டான், "வீட்ல அடுப்பு பத்த வைக்கணும் சார்," என்று எல்லார் முன்னாலும் கூச்சமில்லாமல் சொல்வான். ஒரு தீபாவளிக்குச் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. மதினி பலகையில் உட்கார்ந்திருக்க, அவன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, தலை பின்னிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் எழவில்லை. "இருங்க, கடைசிக் கால் பின்னிட்டு வாரேன், விட்டா அவிழ்ந்துரும்," என்றான் ரிப்பனுக்கு இடையில். இரண்டு பெண்பிள்ளைகளும் ஏற்கெனவே அதே பின்னலில் வரிசையாக நின்றன. செண்பகம் அந்தப் பின்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்துகொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "கல்யாணமாகி ஆறு வருசமாச்சு, எந்தலையில ஒரு தரம் கை வச்சிருக்கீங்களா நீங்க," என்றாள். சண்டைக் குரலில் இல்லை. நேரம் கேட்கிற மாதிரி கேட்டாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் எங்கள் வீட்டில் ஆவுடையப்பன் பெயர் ஒரு அளவுகோலாகக் கிடந்தது. ஆவுடையப்பன் சார் காய் நறுக்குவாராம். ஆவுடையப்பன் சார் மதினியைச் சைக்கிளில் வைத்துப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனாராம். நான் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை, இதெல்லாம் எந்தக் கோலாலும் அளக்க முடியாத சங்கதிகளாகிப் போயின.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நான் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வருஷம் நான்தான் பார்த்தேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அள்ளிப் போட்டேன். தலைமுடி மட்டும் எனக்குக் கை வரவில்லை. இடுப்புவரை முடி, சிக்கு விழுந்து, இழுத்தால் அவளுக்கு வலித்தது, முகத்தின் ஒரு பாதி மட்டும் வலியைக் காட்டும். நான்காம் நாள் கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். அவளுக்குச் சௌகரியம் என்று சொன்னேன், எனக்கும் அவளுக்கும். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அந்த வாரச் சனிக்கிழமைதான் ஆவுடையப்பன் முதல் தடவை பார்க்க வந்தான், அதன் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவளுக்குக் கதை சொல்வான். ஏதோ ராணி, ஏதோ கோட்டை. நான் அடுப்படியில் தேயிலையை அளந்து போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன், மறுபடி ஒரு சுவரின் அந்தப் பக்கம். செண்பகம் சிரிக்கிற சத்தம் வரும். பாதி வாயால் சிரிக்கிற சத்தம், ஹுக், ஹுக் என்று. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை, முழு வாய் இருந்தபோதும். கடைசி மாசங்களில் பேச்சு அநேகமாகப் போய்விட்டது, என் பெயரைச் சொல்ல வராது, தண்ணீர் என்று சொல்ல வராது, சனிக்கிழமை காலையானால் மட்டும் வாசலைப் பார்த்து, "சா... சார்?" என்பாள். வருவார், வருவார் என்று சொல்லிவிட்டு ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைப்பேன். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்திருப்பேன். இறந்துபோன ஒருத்தி, இறந்துபோன ஒருவன், இவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அறுபத்தேழு வயதில் எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீர் பாட்டில் எங்கே? நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒரு வாய் குடி. கூட்டம் பார்க்கும், மெதுவாகக் குடி.

திருமலையும் அப்படித்தான் போனான். பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை, கணக்கில் முப்பத்தொன்று. வாத்தியார் மகன். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு அடி என்றால் இவனுக்கு நான்கு, மகனென்று விட்டுக்கொடுத்தான் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள், நாற்பத்தோரு பேர் பார்க்கப் பிரம்பால் உள்ளங்கையில் நான்கு. அழவில்லை அவன். கையை விரித்தபடியே வைத்துக்கொண்டு, முடிந்ததா என்று பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை, அன்றைக்குக் குதிரைகள் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை, ஆவுடையப்பன் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தான். அதிலிருந்து தினமும் அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போவான், ஏழு மணிக்கு மேல் வருவான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இன்ஜினியரிங் மாட்டேன், சரித்திரம் படிக்கப்போகிறேன் என்று நின்றான். நான் நேரே ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். "உமக்கு ஆம்பளப் பிள்ள இல்லன்னா எம்பிள்ளைய எடுத்துக்கிடுவீரோ?" என்றேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். உள்ளே மதினி பாத்திரத்தைக் கீழே விட்ட சத்தம் கேட்டது, அந்த விரல்களில் எது நிற்கும். ஆவுடையப்பன் கீரைத்தண்டைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "உள்ள வாரும்வே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்," என்றான். அந்தக் காப்பியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும். நான்கு வருஷம் பேசவில்லை நான். அடுத்தடுத்த மேஜை, முழங்கை இடிக்கிற தூரம், நான்கு வருஷம். அப்புறம் ஒருநாள் அவன், "வே, சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டான், அவன் மேஜையில் முழுப் பெட்டி இருந்தது. ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"மாமா." பக்கத்து நாற்காலியில் ஆவுடையப்பனின் மூத்த மகள் பிரமு. மதுரையில் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். குடும்பத்தின் சார்பாக மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள், மதினியால் படியேற முடியாது, கீழே முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். "என்னம்மா?" என்றேன். முகத்தை மேடைக்கு நேரே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். "இன்னும் எத்தன பேரு மாமா?" "உன்னச் சேக்காம மூணு." "இவங்க எல்லாரும் எங்க அப்பாவ அப்பா அப்பாங்காங்க. எனக்கு எப்படி இருக்குன்னு தெரியுமா?" பெருமையாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "எரியுது மாமா," என்றாள். நான் அவள் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் திரும்பவில்லை. "நாலு மணிக்கு மேலதான் அவுக எங்களுக்கு. தல பின்னி, பூ வச்சு, இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க ஆரம்பிப்பாக. நான் சொல்ல வாயத் தொறப்பேன், வாசல்ல ஒருத்தன் வந்து சார்ம்பான். ரெண்டர வருசம் உங்க திருமல வந்தான். எந்தட்டுல தின்னான், எம் பாய்ல படிச்சான். நான் நல்லா மார்க் எடுத்தா சரி சரின்னுட்டு, அவன் அஞ்சு மார்க் கூட எடுத்தா அப்பா தெருவுக்கே சொல்லுவாக." போலீஸ்காரன் பேச்சை முடித்தான், எல்லாரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒருநா நீங்க வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டீங்கள்ல, எம்பிள்ளைய எடுத்துக்கிடுவீரான்னு. அம்மா அழுதா. நான் கதவுக்குப் பின்னால நின்னேன். எனக்கு அன்னிக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நின்னேன். நீங்க சத்தம் மட்டும் போட்டுட்டுப் போயிட்டீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. இரங்கல் கூட்டத்து மேடையில், படத்துக்குப் பக்கத்தில், சிரிப்பு வந்தது, துண்டை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன். இத்தனை வருஷமாக இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பெற்ற பெண்ணே அந்தப் பக்கம் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அவள் கண் நிறைந்து நின்றது, தட்டுகிற கையை நிறுத்தவில்லை.

அடுத்து திருமலை என்று அழைத்துவிட்டார்கள். புனேயில் வரலாற்றுப் பேராசிரியர், நம் பள்ளியின் பெருமை என்கிறார் தொகுத்து வழங்குகிற தமிழாசிரியர், கணக்கு சாரின் புதல்வர் என்று பிறகுதான் நினைவு வந்து சேர்த்துக்கொள்கிறார். திருமலை படியேறி வருகிறான். என்னைத் தாண்டித்தான் மைக்குக்குப் போகவேண்டும். தாண்டும்போது தலையை லேசாகக் குனிந்தான், கும்பிட்ட மாதிரியும் இருந்தது, நாற்காலிக் காலில் இடிக்காமல் பார்த்து நடந்த மாதிரியும் இருந்தது. இப்போது சொல்லப்போகிறான். ஐந்தாவது ஆள். இரண்டாவது அப்பா என்று இவன் சொன்னால் நான் என்ன செய்ய, எழுந்து போகவா முடியும், முன்னூறு பேர். ஆறாவது வரிசைக்காரர் மாதிரி கை தட்டவேண்டியதுதான். கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டேன். "எல்லாரும் அவங்கள இன்னொரு அப்பான்னு சொன்னீங்க," என்று ஆரம்பித்தான், குரல் என் குரல் மாதிரியே இருக்கிறது மைக்கில், "நான் அப்படிச் சொல்ல முடியாது. சொல்ல அவங்க விட்டதில்ல. நான் தினமும் சார் வீட்டுக்குப் போவேன். ராத்திரி அங்கேயே படுத்துக்கிடுதேன்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். ஒருநாளும் விடமாட்டாங்க. மணி ஏழானா, கிளம்புல, உங்க அப்பா தேடுவாருன்னு எழுப்பி விட்ருவாங்க. சாரல் அடிக்கிற நாள்ல ஆறரைக்கே விரட்டுவாங்க. சாரல் நின்னப்புறம் போறேனே சார்ன்னா, இல்லல, இன்னிக்குச் சீக்கிரம் போ, உங்க அப்பா தேடுவாருன்னுதான் சொல்லுவாங்க. நான் நனஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போவேன். அப்பா நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாங்க. நிமிர்ந்து பாக்க மாட்டாங்க." கூட்டத்தில் இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள், கணக்கு சாரை அவர்களுக்கும் தெரியும். திருமலை சிரிக்கவில்லை. "சார் பொய் சொல்லி அனுப்புதாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா அந்தப் பொய்யக் கேக்கதுக்காகவே ஏழு மணிவரைக்கும் இருப்பேன்."

பொய் இல்லையடா. நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அந்தத் தெருமுனையில் பங்க்சர் கடை, அதை ஒட்டி விளக்குக் கம்பம், அந்தக் கம்பத்து விளக்கு எரியாது, அதனால்தான் அங்கே நிற்பேன். சைக்கிளைச் சாத்திக்கொண்டு, ஆறேகாலுக்கே வந்துவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் ஆவுடையப்பன் வீட்டு ஜன்னல் தெரியும், டியூப்லைட் வெளிச்சத்தில் பாய் தெரியும், பாயில் மூன்று தலை, இரண்டு பின்னல் தலை, ஒன்று உன் தலை. அவன் காய் நறுக்கிக்கொண்டே ஏதோ கேள்வி கேட்பான், நீ கையைத் தூக்குவாய். என் வகுப்பில் நீ கையைத் தூக்கியதே இல்லை. வந்து கூப்பிட வேண்டும் என்றுதான் தினமும் வந்தேன், பத்தடி, பன்னிரண்டடி, ஒருநாளும் கால் எழவில்லை. கூப்பிட்டு நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பாயிலிருந்து ஏறிட்டு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டால்? நீ செருப்பைத் தேடுகிறாய் என்று தெரிந்ததும் சைக்கிளை எடுத்துச் செக்கடித் தெரு வழியாக மிதித்து, உனக்கு முன்னால் வீட்டுக்குள் போய், துண்டால் தலையைத் துவட்டி, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வேன். மூச்சு வாங்கும், அதற்காகத்தான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருப்பேன். ஒருநாள் தலைகீழாகப் பிடித்திருந்தேன், செண்பகம் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஆனால் சாரல் நாளில் ஆறரைக்கு. ஏன் ஆறரை? நான் அதை அந்த வீட்டு வழக்கம் என்றே நினைத்திருந்தேன், மழைக்காலத்தில் சீக்கிரம் கதவடைப்பார்கள் என்று. ஆவுடையப்பன் வாசல்படிக்கு வருவான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான், தெருவைப் பார்ப்பான், உள்ளே போவான், நீ வெளியே வருவாய். இப்படித்தான் நடக்கும், ஒவ்வொரு சாரல் நாளும். மழைக்குப் பயந்து பிள்ளையை இருக்கச் சொல்லுவானா, நனையட்டும் என்று விரட்டுவானா ஒருவன்? யார் நனையக்கூடாது என்று விரட்டினான்? பார்த்திருக்கிறான். முதல் நாளிலிருந்தே பார்த்திருக்கிறான். கம்பத்தடியில் ஒருத்தன் குடையில்லாமல் நிற்கிறான் என்று தெரிந்து, உன்னிடமும் சொல்லாமல், மனைவியிடமும் சொன்னானோ என்னவோ, பக்கத்து மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் பேசாமலிருந்த நான்கு வருஷத்திலும், வாசலில் போய்க் கத்திய அன்றைக்கும், செத்துப்போகிற வரைக்கும் வாயைத் திறக்காமல். வே ஆவுடையப்பா, இதையும் நீர்தான் செய்திருக்க வேண்டுமா? இதில்கூட எனக்கு ஒரு இடம் விட்டிருக்கக் கூடாதா?

கை தட்டல். திருமலை இறங்கிப் போய்விட்டான், மூன்றாவது வரிசை, இடது ஓரம். பிரமு என் முழங்கையைத் தொடுகிறாள். "மாமா, உங்களத்தான் கூப்பிடுதாங்க." எனக்கு முன்னால் பேச வேண்டிய ஒருவர் வரவில்லையாம். எழுந்துவிட்டேன். மைக் என் வாய்க்கு மேலே நிற்கிறது, தமிழாசிரியர் வந்து இறக்கிவிட்டு, "அஞ்சு நிமிசம் சார்," என்கிறார். காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். பன்னிரண்டு வரியும் இருக்கின்றன, கண்ணாடி போட்டிருக்கிறேன், ஒரு எழுத்தும் ஓடவில்லை. எல்லாருக்கும் வணக்கம் என்றேன். அது எப்படியோ வந்துவிட்டது. அடுத்தது, ஆவுடையப்பன் அவர்கள் குறித்த நேரத்துக்கு. குறித்த நேரத்துக்கு. முதல் வரிசையில் மதினி அந்த மடங்கின விரல்களை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், இன்றைக்கு யார் பின்னிவிட்டார்களோ, பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. முன்னூறு பேரும் காத்திருக்கிறார்கள். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, இவர்கள் யாரிடமும் சொல்லவேண்டியது இல்லை அது. "ஏல திருமல," என்றேன். மைக்கில் அது மண்டபம் முழுக்க அடித்துத் திரும்பி வந்தது, பத்தாம் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அதே குரலில். நான் அப்படிக் கூப்பிட நினைக்கவில்லை, எனக்கு வேறு குரல் இல்லை. "தேடினேம்ல," என்றேன். "பங்க்சர் கடை முக்குல நின்னு தேடினேன். தெனமும்." கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. மூன்றாவது வரிசையில் திருமலை எழுந்து நின்றான். கூப்பிட்டால் எழுந்து நிற்கிற பிள்ளையாக, கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்திருக்க, என்னை நேரே பார்த்துக்கொண்டு நின்றான். உட்காரு என்று நான் சொல்லவேண்டும். வாத்தியார் சொல்லாமல் அவன் உட்காரமாட்டான். சொல்ல வரவில்லை எனக்கு. அவன் நின்றுகொண்டே இருக்கிறான்.